இறப்புக்கான காரணம்: மூப்பு

திருத்தங்கல் மேட்டுத்தெருவில் யாராவது செத்துப்போனால் முதல் தகவல் சொந்தக்காரர்களுக்குப் போகும். இரண்டாவது தகவல் பலவேசத்துக்குப் போகும். பலவேசம் முப்பத்தோரு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்து, கடைசிப் பன்னிரண்டு வருஷம் ஃபோர்மேனாக இருந்து ஓய்ந்தவர். அறுபத்தாறு வயது. கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். அதிகாரிகள் முன்னால் நாக்கு குழறாது. இந்த இரண்டு தகுதியும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததால் பதினெட்டு வருஷமாக அவர்தான் தெருக் கமிட்டிச் செயலாளர். காரியம் எல்லாம் முடிந்ததும் வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிக் கொடுப்பது அவர் பொறுப்பு.

படிவத்தில் ‘இறப்புக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. பலவேசம் கைவசம் மூன்றே காரணங்கள் வைத்திருந்தார். கம்பெனியில் கருகிப் போனவர்களுக்கு வெடி விபத்து. அதில் போலீஸ் கேஸ் இருக்கும், மாற்ற முடியாது. நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ போனவர்களுக்கு மாரடைப்பு. படுத்துக் கிடந்து போனவர்களுக்கு மூப்பு. இந்த மூன்றுக்குள் அடங்காத சாவு ஒன்றை அவர் பார்த்ததே இல்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் தங்கச்சாமி செத்தபோது மட்டும் கொஞ்சம் சிக்கல் வந்தது. தங்கச்சாமி, பலவேசத்தின் கூட்டாளி நாகையாவுக்குக் கூடப் பிறந்த தம்பி. ஐம்பத்தேழு வயதுதான். எட்டு மாதம் இடுப்பு வலி என்று படுத்தான். கடைசியில் ஒண்ணுக்கும் கட்டிக்கொண்டது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில், முற்றிப்போய்விட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் மனைவி முத்துமாரியம்மாள் அந்தக் காகிதத்தை யார் கண்ணிலும் காட்டவில்லை. பதிவுக்குப் போகிற அன்றைக்கு, பஸ்ஸுக்கு நிற்கும்போது, முந்தானைக்குள்ளிருந்து எடுத்துப் பலவேசத்திடம் நீட்டினாள்.

“அண்ணே, இதுல கேன்சருன்னு போட்டிருக்காக. பானுப்பிரியாவுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். அப்பனுக்கு இந்தச் சீக்குன்னு தெரிஞ்சா எவன் வந்து பொண்ணு எடுப்பான்? நீங்கதான் பாத்து எழுதணும்.”

“நாகையாவுக்குத் தெரியுமா?”

“மூத்தவுககிட்ட எப்படிண்ணே சொல்ல முடியும்? காலையில சொன்னா சாயங்காலத்துக்குள்ள விருதுநகர் வரைக்கும் போயிரும். வாயுப் பிடிப்புன்னே சொல்லி வச்சிருக்கேன்.”

பலவேசம் காகிதத்தைப் படித்தார். ‘புராஸ்டேட்’ என்று ஒரு வார்த்தை இருந்தது. அது என்ன என்று அவருக்கும் தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. மடித்து அவளிடமே கொடுத்துவிட்டார். அலுவலகத்தில் கிளார்க் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “என்ன அண்ணாச்சி, அம்பத்தேழுல மூப்பா?” என்று கேட்டார்.

“வெடிக் கம்பெனிக்காரனுக்கு அம்பது தாண்டுனாலே மூப்புதான் சார்.”

கிளார்க் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார். பலவேசத்துக்குத் தன் பதிலில் ஒரே பெருமை. வீட்டுக்கு வந்து மனைவி அய்யம்மாளிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அடுத்த தை மாதம் பானுப்பிரியாவுக்குச் சாத்தூரில் கல்யாணம் நடந்தது. பலவேசத்தை முன்வரிசையில் உட்காரவைத்துச் சந்தனம் கொடுத்தார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கை தன் பேனாவால் அமைந்தது என்று அவர் மனசுக்குள் வைத்துக்கொண்டார்.

போன வருஷம் ஆடி மாதம் டாக்டர் அன்பரசன் வந்தார். மதுரைப் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் வேலை பார்க்கிற இளவயசுக்காரர். ஏதோ ஆராய்ச்சிக்காக மாவட்டம் முழுக்கச் சாவுக் கணக்கு எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். பலவேசம் தான் வாங்கிக் கொடுத்த சான்றிதழ்களுக்கெல்லாம் நகல் எடுத்து ஃபைலில் கோத்து வைத்திருக்கிறார் என்று சுகாதார நிலையத்து நர்ஸம்மா சொல்லிக் கூட்டிவந்திருந்தார். டாக்டர் ஒரு மணி நேரம் அந்த ஃபைலைப் புரட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

“அண்ணாச்சி, இந்தத் தெருவுல பதினெட்டு வருஷத்துல எண்பத்தொரு ஆம்பளைங்க இறந்திருக்காங்க. அதுல ஒருத்தருக்குக்கூடப் புராஸ்டேட் புற்றுநோய் இல்ல.”

“அப்படின்னா என்ன சார்?”

“ஆம்பளைங்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழ நெல்லிக்காய் அளவுல ஒரு சுரப்பி இருக்கு. அதுல வர்ற புத்து. அமெரிக்காவுல எட்டு ஆம்பளையில ஒருத்தருக்கு வருது. அங்க உள்ள கறுப்பின ஆளுங்களுக்கு இன்னும் கூடுதல், ஆறுல ஒருத்தருக்கு. ஐரோப்பாவுல வடக்க இருக்கிற நாடுகள்லயும் நிறைய. நம்ம நாட்டுல நூத்துல ஒருத்தருக்கு வந்தாலே பெரிசு. உங்க தெருவுல அதுவும் இல்ல.”

“ஏன் சார் அப்படி?”

“முழுசா யாருக்கும் தெரியல. ரத்த வழி கொஞ்சம், சாப்பாடு கொஞ்சம். இன்னொண்ணும் இருக்கு. அங்க வயசானா ரத்தத்தை எடுத்துப் பாத்துர்றாங்க. பாக்குற இடத்துலதான கண்ணுல படும்? நம்ம ஆளுங்க அங்க போய்க் குடியேறினா அவங்களுக்கும் எண்ணிக்கை கூடிருது.”

கடைசியில் சொன்னது எதுவும் பலவேசத்தின் காதில் ஏறவில்லை. ‘அதுவும் இல்ல’ என்ற இடத்திலேயே அவர் மனசு நின்றுவிட்டது. அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மேட்டுத்தெருவுக்கு வந்த ஒவ்வொரு அதிகாரியும் ‘உங்களுக்கு அது இல்லை, இது இல்லை’ என்றுதான் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். தண்ணீர் இல்லை, சாக்கடை இல்லை, பட்டா இல்லை. இல்லை என்பதையே பெருமையாகச் சொல்லி ஒருவர் எழுதியது அன்றைக்குத்தான்.

தங்கச்சாமியின் நினைவு அவருக்கு ஒரு கணம் வரத்தான் செய்தது. ஆனால் மூன்று வருஷமாக மூப்பு மூப்பு என்று சொல்லிச் சொல்லி, அவருக்கே அது மூப்பாகிப் போயிருந்தது. நினைவு வந்த வழியே போய்விட்டது.

மறுநாளே செய்தி டீக்கடை, சலூன், பஸ் ஸ்டாப் எல்லாம் சுற்றி விருதுநகருக்கும் போனது. போக வைத்தவரும் பலவேசம்தான். அங்கே மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்கிற செய்யது அபுதாஹிர் அவருக்கு நாற்பது வருஷப் பழக்கம். சேதியைக் கேட்டதும் பாய்க்குக் கண் விரிந்தது.

“அண்ணாச்சி, இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு? வெள்ளைக்காரன் நம்ம வத்தல்ல ஒண்ணைக் கடிச்சா ஒரு நாள் பூராவும் அளுவான். நம்ம ஆளுக நாளைக்குப் பத்துத் திங்கிறோம். அம்புட்டுக் காரத்துல எந்தப் புத்து அண்ணாச்சி தங்கும்?”

பலவேசத்துக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு வாரத்தில் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பத்தாயிரம் லேபிள் அச்சாகி வந்துவிட்டது. மீசை முறுக்கிய ஒரு ஆள், கையில் ஈட்டிபோல ஒரு வத்தல், கீழே ‘ஆண்களின் காவலன்: சம்பா வத்தல்’. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “பாய், வத்தலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் சொல்லவே இல்ல” என்றார். “இல்லைன்னும் சொல்லலையே சார்” என்றார் பாய்.

டாக்டருக்கு வேண்டியிருந்தது வேறு. ஐம்பத்தைந்து வயது தாண்டிய ஆண்கள் அறுபது பேருடைய ரத்தத்தை எடுத்து, அதில் பி.எஸ்.ஏ. என்று ஒன்று இருக்கிறதாம், அதை அளந்து பார்க்க வேண்டும். நோய் இல்லாத ஊரில் அந்த அளவு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். பலவேசம் மார்பைத் தட்டிக்கொண்டார். “அறுபது என்ன சார், நூறு பேரு கொண்டாறேன்” என்றார்.

சொன்னபடி வரவில்லை. எந்த இடத்துச் சுரப்பி என்று தெரிந்ததும் ஆட்கள் நழுவினார்கள். பலவேசம் வீடு வீடாக ஏறி இறங்கினார். நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அல்ல, இல்லை என்று உலகத்துக்குக் காட்டுவதற்காகத்தான் என்று ஒவ்வொருவரிடமும் விளக்கினார். நாகையா வீட்டில்தான் பேச்சு நின்றது. நாகையாவுக்கு அறுபத்து நான்கு வயது. இரண்டு வருஷமாக இடுப்பு வலி. மெடிக்கலில் வாங்கிய பெல்ட்டைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலமெல்லாம் லோடு தூக்கிய இடுப்பு, வலிக்காமல் என்ன செய்யும் என்பது அவர் கட்சி.

“ஏலே, அது வெள்ளைக்காரன் சீக்குன்னு நீதான சொல்லிக்கிட்டுத் திரியுறே. அப்புறம் எதுக்குலே என் ரத்தம்?”

“இல்லைன்னு காட்டத்தாம்லே.”

“இல்லாததை எதுக்குக் காட்டணும்?”

பலவேசம் பேச்சை மாற்றினார். “உன் ரத்தம் இல்லாம அம்பத்தொம்பதுல நிக்குது. எனக்காக வாலே” என்றார். நட்புக்கு இரங்கி, முனகிக்கொண்டே நாகையா வண்டியில் ஏறினார். சமுதாயக் கூடத்தில் ஊசி குத்தும்போது, “பாத்துத் தாயி, எங்க ரத்தத்துல வத்தல் காரம் இருக்கும், கை எரியும்” என்று நர்ஸம்மாவிடம் சொன்னார். கூடமே சிரித்தது.

பத்து நாள் கழித்து டாக்டர் தனியாக வந்தார். அய்யம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் எடுக்கவில்லை.

“அண்ணாச்சி, ஏழு பேருக்கு அளவு கூடுதலா இருக்கு.”

“வத்தல் கூடுதலாத் தின்னா அப்படி இருக்குமா சார்?”

“இல்ல. வயசுக்குச் சுரப்பி வீங்கியிருந்தாலும் கூடும், அதனால பயப்பட வேணாம். ஆனா மதுரைக்கு வந்து சதை எடுத்துப் பாத்துரணும். அஞ்சு பேருக்கு லேசாத்தான் கூடியிருக்கு. ஒருத்தருக்கு முப்பது. இன்னொருத்தருக்கு…” டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். “நாலுக்குள்ள இருக்கணும். நானூத்திப் பத்து இருக்கு. நாகையான்னு ஒருத்தர்.”

 டாக்டர் போகும்போது, “உங்களுக்கு ஒண்ணு புள்ளி ரெண்டுதான் அண்ணாச்சி. ஒரு குறையும் இல்ல” என்று ஆறுதலாகச் சொன்னார். அந்த ஆறுதல் எங்கேயோ போய் விழுந்தது.

மதுரையில் எல்லாப் பரிசோதனையும் முடிய ஒரு மாதம் ஆயிற்று. ஏழு பேரில் நான்கு பேருக்கு வெறும் வீக்கம். மூன்று பேருக்குப் புற்றுநோய். இரண்டு பேருக்கு ஆரம்பம், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நாகையாவுக்கு இடுப்பு எலும்புக்கும் முதுகெலும்புக்கும் போயிருந்தது.

முடிவு சொன்ன அன்றைக்குப் பலவேசமும் கூடப் போயிருந்தார். டாக்டர் அன்பரசன் கட்டிலின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“உங்க குடும்பத்துல யாருக்காவது இது இருந்துச்சா? அப்பா, கூடப் பிறந்தவங்க? ஏன் கேக்குறேன்னா, அண்ணன் தம்பிக்கு இருந்தா மத்தவங்களுக்கு ரெண்டு மடங்கு வாய்ப்பு. அப்படிப்பட்டவங்களை நாங்க முன்கூட்டியே பாத்துருவோம்.”

“எங்க வம்சத்துலயே கெடையாது சார்” என்றார் நாகையா. “எனக்கு ஒரே தம்பி. அவனும் மூப்புலதான் போனான்.”

“தம்பி மூப்புலயா? எத்தனை வயசு?”

“அம்பத்தேழு சார். சர்ட்டிபிகேட் இருக்கு. இந்தா, பலவேசந்தான் வாங்கிக் குடுத்தான். கேட்டுப் பாருங்க.”

டாக்டர் பலவேசத்தின் பக்கம் திரும்பினார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். பலவேசம் தலையை மட்டும் ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி ஒரு தலையாட்டல். டாக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.

தெருவில் அதற்குள் கதை வேறு விதமாகத் திரும்பியிருந்தது. இல்லாத சீக்கைப் பலவேசம் ஊசி வழியாக இறக்கிவிட்டார் என்று பெண்கள் குழாயடியில் பேசினார்கள். ரத்தம் எடுப்பதற்கு முன்னால் மேட்டுத்தெருவில் ஒருவருக்கும் இல்லை, எடுத்த ஒரே மாதத்தில் மூன்று பேர். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? டீக்கடையில் ஒருவன் கணக்குப் போட்டான். “அறுபதுல மூணு. இருபதுல ஒருத்தன். அமெரிக்காக்காரன் எட்டுல ஒருத்தன். விட்டா அடுத்த வருசம் பிடிச்சிருவோம்.” யாரும் சிரிக்கவில்லை. பலவேசம் நுழைந்ததும் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

விருதுநகரிலிருந்து பாய் போன் செய்தார். நாகையாவுக்காக வருத்தப்பட்டார், உண்மையான வருத்தம்தான், அவரும் பழக்கம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, லேபிளை என்ன செய்யலாம் என்று கேட்டார். பலவேசம் போனை வைத்துவிட்டார். கடைசியில் பாய் ‘ஆண்களின் காவலன்’ என்ற வரிக்கு மேலே ‘கலப்படம் அற்றது’ என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டி வெளியூருக்கு அனுப்பினார். மீசைக்காரன் படத்துக்காகவே நன்றாகப் போனதாம்.

அன்று சாயங்காலம் அய்யம்மாள் சுளகில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்: “ஊருக்கெல்லாம் மூப்பு மூப்புன்னு எழுதுனீகளே, அதுல எத்தனை பேரு உண்மையில மூத்தாக?”

பலவேசம் கோபப்பட நினைத்தார். முடியவில்லை. ஃபைலை எடுத்து வந்து அவள் முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு பெயராகப் படித்தார். அய்யம்மாளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. சாவு வீட்டில் ஆண்கள் வெளியே நின்றார்கள், குளிப்பாட்டி எடுத்ததும் கூட இருந்து கேட்டதும் பெண்கள்தான். “அவுகளா? ஒண்ணுக்குப் போக முடியாம டியூபு வச்சிருந்தாகளே.” “இவுக இடுப்புக்குக் கீள காலே வரல, அஞ்சு மாசம்.” “இது நெசமாவே மூப்பு, தொண்ணூறு இருக்கும்.” ஐம்பத்திரண்டு மூப்பில் ஏழு பேரைச் சந்தேகம் என்று தனியாக எடுத்து வைத்தார்கள். அதில் ஆறு பேர் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர்கள். ஏழாவது தங்கச்சாமி.

மறுநாள் காலையில் பலவேசம் முத்துமாரியம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தாள்.

“அந்தக் காகிதம் இருக்கா தங்கச்சி?”

“இருக்குண்ணே. கிளிச்சுப் போட மனசு வரல. அவுக பேரு போட்டிருந்துச்சா, அப்படியே பெட்டிக்குள்ள வச்சிட்டேன்.” பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “நான் அன்னைக்கே சொல்லியிருந்தா மூத்தவுகளுக்கு முன்னாடியே பாத்திருக்கலாமோ?”

“டாக்டர் அப்படித்தான் சொல்றாரு. ஆனா எழுதுனது நான். நீ கேட்டே, நான் ‘வேண்டாம்’னு சொல்லியிருக்கணும்.”

“நீங்க சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேண்ணே” என்றாள் அவள். அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தாள்.

நாகையா பெல்ட் இல்லாமல் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். நோயை அடக்குகிற மருந்தில் முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. பலவேசம் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பஸ் ஸ்டாப், காகிதம், கிளார்க் கேட்டது, தான் அடித்த நகைச்சுவை, ஆஸ்பத்திரியில் தலையை ஆட்டியது வரை ஒன்றையும் விடவில்லை. திட்டு விழும், எழுந்து அடித்தாலும் அடிக்கட்டும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

நாகையா கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

“இதுல என் தம்பி பேரு எங்கன இருக்கு?”

பலவேசம் குனிந்து விரலால் தொட்டுக் காட்டினார். நாகையா அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எட்டு மாசம் அவனை ஏசுனேன்லே” என்றார். “வேலைக்குப் போகச் சோம்பேறித்தனம், இடுப்பு வலின்னு நடிக்கிறான்னு. வாசல்ல நின்னு, தெருவுக்கே கேக்குற மாதிரி ஏசுனேன். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. எனக்கு ரெண்டு வருசமா வலிக்கும்போதெல்லாம் நெனப்பேன், ‘இந்தா, நம்ம தாங்கலையா? அவன்தான் தாங்காமக் கெடந்தான்’னு.”

முத்துமாரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாகையா அவளை நிமிர்ந்து பார்த்தார். மூத்தவர் முன்னால் உட்காராத வழக்கத்தில் அவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

“நிக்காதே தாயி, உக்காரு. பிள்ளைக்காகச் செஞ்சே.” பிறகு பலவேசத்தைப் பார்த்து, “உனக்குத்தாம்லே பிள்ளை இல்ல, குட்டி இல்ல. நீ எதுக்குச் செஞ்சே?” என்று கேட்டார்.

“நல்லது செய்யறோம்னு நெனச்சேன்லே.”

“ஆமா. எல்லாரும் நல்லதுதான் செஞ்சிருக்கீக.” நாகையா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்று வாரம் அவர் பலவேசத்தோடு பேசவில்லை. நான்காவது வாரம், மதுரைக்கு ஊசிக்குப் போகத் துணை வேண்டும் என்று ஆள் அனுப்பினார்.

பலவேசம் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, பதிவைத் திருத்தக் கிளம்பினார். எழுதுவதற்கு ஒரு நிமிஷம் எடுத்த வேலை, திருத்துவதற்கு இரண்டு மாதம் எடுத்தது. மனு, உறுதிமொழி, ஆஸ்பத்திரிச் சான்று. தங்கச்சாமிக்குக் காகிதம் இருந்ததால் மூப்பு போய்ப் புற்றுநோய் வந்தது. மற்ற ஆறு பேருக்கும் காட்ட ஒன்றும் இல்லை. “அண்ணாச்சி, சாட்சி இல்லாம காரணத்தை மாத்த முடியாது” என்று கிளார்க் வருத்தத்தோடு சொன்னார். முதலில் எழுதும்போது எந்தச் சாட்சியைக் கேட்டீர்கள் என்று கேட்கப் பலவேசத்துக்கு வாய் வரை வந்தது. அந்தச் சாட்சி தான்தான் என்று உடனே ஞாபகம் வந்ததால் வாயை மூடிக்கொண்டார். ஆக, கணக்குப்படி மேட்டுத்தெருவில் பதினெட்டு வருஷத்தில் ஒன்று. டாக்டரால் தன் கட்டுரையில் அந்த ஒன்றைத்தான் போட முடிந்தது. அடியில் சின்ன எழுத்தில், உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தார்.

நாகையாவுக்கு ஊசி நன்றாகவே கேட்டது. வேரோடு போகாது, ஆனால் சில வருஷம் அடக்கி வைக்கலாம் என்றார்கள். கார்த்திகையில் வலி குறைந்து, கம்பை ஊன்றிக்கொண்டு டீக்கடை வரை நடந்து வந்தார். அங்கே எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து, எந்த இடத்தில் சுரப்பி, எப்படிச் சதை எடுத்தார்கள் என்று கைசாடையோடு விளக்கினார். கேட்டவர்கள் டீயைப் பாதியில் வைத்தார்கள். ஆனால் காதை எடுக்கவில்லை.

திருத்தங்கலில் இரண்டாவது முகாம் போடலாமா என்று டாக்டர் கேட்டபோது கமிட்டி ஒரே குரலில் மறுத்துவிட்டது. அதனால் பொங்கல் கழிந்து காரியாபட்டியில் போட்டார்கள். படிவம் எழுத நல்ல கையெழுத்து வேண்டும் என்று பலவேசத்தைக் கூப்பிட்டிருந்தார் டாக்டர். காலை ஒன்பது மணிக்கு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பலவேசம் நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் பாதிப் பேர் தெரிந்த முகங்கள், மேட்டுத்தெருக்காரர்கள். ஒருவன் அடையாளம் தெரியாமல் இருக்கத் துண்டைத் தலையில் கட்டியிருந்தான். ஊசி வழியாகச் சீக்கு இறங்கியது என்று சொன்னவளின் புருஷன் அடுத்து நின்றான். கடைசியில், மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, செய்யது அபுதாஹிர். ஒருவரை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஊரு?”

“காரியாபட்டி.”

“ஊரு?”

“காரியாபட்டிதான் அண்ணாச்சி.”

ஐந்தாவது ஆளும் காரியாபட்டி என்றதும் பலவேசம் பேனாவைக் கீழே வைத்தார். இப்படியே எழுதிக்கொண்டு போனால் அடுத்த வருஷம் காரியாபட்டித் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று யாராவது ஆராய்ச்சிக்கு வருவார்கள்.

“ஏலே, ரிசல்ட்டு காரியாபட்டிக்குப் போகும். அங்கன எவன் வாங்கி உனக்குக் கொண்டாந்து குடுப்பான்?”

வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தலையில் துண்டு கட்டியவன் முதலில் வந்து, “சரி, திருத்தங்கல்னே போடுங்க” என்றான். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து திருத்திக்கொண்டார்கள். பாய் மாஸ்க்கை இறக்கிவிட்டு, “விருதுநகர்னு எளுதுங்க அண்ணாச்சி, சிரிக்காதீக” என்றார். பலவேசம் சிரிக்கவில்லை.

பதினொரு மணிவாக்கில் நாகையாவின் மகன் முனியராஜ் வந்து நின்றான். நாற்பத்து மூன்று வயது. முகாமுக்கு வந்தவர்களிலேயே இளையவன் அவன்தான். டாக்டர் தனியாகச் சொல்லி வரவழைத்திருந்தார். படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் குடும்பத்தைப் பற்றிய கேள்விகள் இருந்தன.

“அப்பாவுக்கு?” என்று பலவேசம் கேட்டார்.

“இருக்கு மாமா.”

“அப்பா கூடப் பிறந்தவுகளுக்கு?”

“சின்னையாவுக்கு இருந்துச்சு.” அவன் தயங்காமல் சொன்னான், பலவேசத்துக்குத்தான் எழுதும்போது கை கொஞ்சம் நின்றது.

“தாத்தாவுக்கு?”

முனியராஜ் யோசித்தான். “தேள் கடிச்சுச் செத்தாகன்னு அப்பா சொல்லுவாக. ஆனா அப்பத்தா இருந்தப்ப சொல்லும், அதுக்கு முந்தி ஒரு வருசம் எந்திரிக்க முடியாமக் கெடந்தாகன்னு. எது நெசம்னு இப்ப யாரைப் போய்க் கேக்க? ஏதாவது ஒண்ணை எழுதிக்கோங்க மாமா.”

பலவேசம் பேனாவை எடுத்தார். அவருக்குத் தெரிந்த காரணங்கள் எல்லாம் பழக்கத்தில் வரிசையாக வந்து நின்றன. அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு, அந்தக் கட்டத்துக்குள் தன் அழகான கையெழுத்தில், ‘தெரியவில்லை’ என்று எழுதினார். பிறகு படிவத்தை முனியராஜிடம் கொடுத்து, ரத்தம் எடுக்கிற அறையைக் காட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.